நாவல் ஆக்கமும் கதைசொல்லியின் அறிவெல்லையும்: ‘ஒரு புளியமரத்தின் கதை’யை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முதல் நாவல் எழுதுவோரின் கைப்பிரதி பதிப்புக்குரிய தகுதியை எட்டாமற்போவதற்கு மொழிப்பிழையைவிடக் கதைசொல்லியைப் பற்றிய தெளிவின்மையே பெருங்காரணம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ தன் கதைசொல்லிக்கு வகுக்கும் அறிவெல்லையும், அவ்வெல்லை நெகிழும் இடமும் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நாவல் ஆக்கம், கதைசொல்லி, அறிவெல்லை, வாய்மொழி, திருத்தம், சுந்தர ராமசாமி.

முன்னுரை

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது முதல் தமிழ் நாவல் நெடுந்தொலைவு கடந்துள்ளது. எனினும் நாவல் எவ்வாறு ஆக்கப்படுகிறது என்னும் வினா நம் ஆய்வேடுகளில் அரிதாகவே எழுகிறது. கதைக்கரு, பாத்திரப்படைப்பு, சமுதாயச் சிக்கல், உத்திகள் என இயல் பகுத்து, பின்னோக்கு உத்தி இன்னின்ன இடங்களில் வருகிறது என்று பட்டியலிடுவதோடு பல ஆய்வுகள் நிறைவுறுகின்றன. அவ்வுத்தியை நீக்கினால் நாவல் எதனை இழக்கும் என்று அவை கேட்பதில்லை. தம் கைப்பிரதியைத் திருத்த முனையும் மாணவருக்கு உதவக்கூடியதோ இக்கேள்விதான்.

மையம்

‘சரஸ்வதி’ இதழில் தொடராகத் தொடங்கிய இந்நாவல் 1966இல் முழு நூலாக வெளிவந்தது. நாஞ்சில் நாட்டு நகரமொன்றின் சாலைச் சந்திப்பில் நிற்கும் புளியமரமே இதன் மையம். மன்னராட்சிக் காலம், விடுதலை, காற்றாடி மரத்தோப்பு அழிந்து பூங்காவாதல், வணிகப் போட்டி, நகராட்சித் தேர்தல் எனப் பரந்துபட்ட நிகழ்வுகளைத் தனியொரு தலைவனின் வாழ்வுக்குள் அடக்க இயலாது. மரமோ எதையும் செய்வதில்லை. தன்னைச் சுற்றி நிகழ்வனவற்றுக்கு ஓர் இடத்தை மட்டும் தருகிறது. மரத்தோடு தொடர்பற்றது நாவலுக்குள் வர வேண்டியதில்லை என்னும் தேர்வுமுறையும் இதனால் ஆசிரியருக்குக் கிட்டுகிறது.

கேட்ட கதையும் கண்ட கதையும்

பழங்காலச் செய்திகளைத் தாமோதர ஆசான் இளைஞர்களுக்குச் சொல்ல, அவர்களுள் ஒருவனான ‘நான்’ நமக்குச் சொல்கிறான். இது வெறும் சட்டகம் அன்று. ஆசான் மிகைப்படுத்துபவர், கேட்போரைக் காக்கவைப்பவர். எனவே அவர் கூறுவன வரலாறாகவும் கட்டுக்கதையாகவும் ஒருங்கே நிற்கின்றன. இதே செய்திகளை ஆசிரியர் நேரடியாகக் கூறியிருப்பின், ஒவ்வொன்றுக்கும் நம்பகத்தன்மையைத் தாமே தேடித்தர நேர்ந்திருக்கும். இங்கு அப்பொறுப்பு ஆசானின் குரலுக்கு மாறுகிறது. இவ்வுத்தியை நீக்கினால் நாவலின் முற்பகுதி தகவல் தொகுப்பாகச் சுருங்கிவிடும்.

எல்லை நெகிழும் இடம்

ஆசானின் குரல் ஓய்ந்தபின் நாவலின் தொனி அங்கதமாகிறது. தாமு, காதர் ஆகியோரின் தனிப்பட்ட எண்ணங்களும் திட்டங்களும் விரிகின்றன. இவற்றை ‘நான்’ எவ்வாறு அறிந்தான்? ஊரில் உலவும் பேச்சு என்னும் விடை ஓரளவே பொருந்துகிறது. தன்மைக் கதைசொல்லி அறிவிப்பின்றி எல்லாம் அறிந்தவனாக மாறுவது நாவலின் தளர்ந்த இணைப்பு எனலாம். அங்கதத்தின் விரைவு இத்தளர்ச்சியை வாசகர் உணராதவாறு மறைக்கிறது. அத்தகைய விரைவு வாய்க்காத கைப்பிரதியிலோ, இவ்விடத்தில்தான் வாசகர் நம்பிக்கை இழப்பார்.

1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ இச்சிக்கலை வேறுவகையில் எதிர்கொள்கிறது. பாலு என்பவன் எழுத்தாளர் ஜே.ஜே.யைப் பற்றித் தான் அறிந்தவற்றைச் சொல்கிறான், ஜே.ஜே.யின் அகம் அவரது நாட்குறிப்புகளின்வழி வெளிப்படுகிறது. பாலு அறிய இயலாததை அறிவதற்கான வாயிலை நாவலின் வடிவமே தருகிறது. இரு நாவல்களையும் ஒப்பிடுகையில், முன்னதில் நெகிழ்ந்த எல்லை பின்னதில் கட்டமைப்பாகவே மாறியிருப்பது புலனாகிறது.

முடிவுரை

கைப்பிரதியைத் திருத்துவோர் சொற்களைச் செப்பனிடுமுன் ஒவ்வொரு காட்சியிலும் ‘சொல்பவர் இதனை எவ்வாறு அறிந்தார்?’ என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். விடை இல்லையெனில் காட்சியை விலக்கலாம்; சொல்பவரை மாற்றலாம்; அறியாமையையே கதையின் பகுதியாக்கலாம். எல்லாம் அறிந்த படர்க்கைக் கதைசொல்லியைத் தேர்வோரும், அவர் எதனை எப்போது சொல்லாது விடுவார் என்பதை முடிவு செய்தாக வேண்டும். நாவலைப் பயிற்றுவிக்கும் வகுப்பறைகள் உத்திகளை எண்ணுவதை விடுத்து இவ்வினாவை எழுப்புமாயின், திறனாய்வு படைப்போருக்கும் பயன்படும்.