ஓநாய் விழுங்கிய அரசன்

பசித்த ஓநாய் ஒன்று அரசனின் உடலை விழுங்குகிறது. அந்த ஓநாயைப் பெருந்தீ மூட்டி எரிக்கிறார்கள். ஓநாய் அழிகிறது, அரசனோ மாசு நீங்கி மீண்டெழுகிறான்! கேட்டவுடன் என்ன தோன்றும்? "ஆகா! ஆணவம் வெந்து ஆன்மா தூய்மையுறும் தத்துவமன்றோ இது!" என்று கண்மூடிக் கைகூப்பத் தோன்றும்.

கைகூப்புமுன் கண்ணைத் திறப்போம்.

1599ஆம் ஆண்டு ஜெர்மனியில், பேசில் வாலன்டைன் என்னும் துறவியின் பெயரால் வெளிவந்த இரசவாத நூலின் பன்னிரண்டு 'திறவுகோல்'களில், முதலாவதாக வருவது இக்கதை. அப்படியொரு துறவி இருந்தாரா என்பதே ஐயம். நூலை வெளியிட்டவர் உப்புத் தொழிலில் ஈடுபட்டிருந்த யோகான் தோல்டே. அவரே எழுதியிருக்கக்கூடும் என்பர் ஆராய்ச்சியாளர் பலர்.

அரசன் யார்? பொன். ஓநாய் எது? அஞ்சனக்கல், ஆன்டிமனியும் கந்தகமும் கூடிய தாது. மாற்றுக் குறைந்த பொன்னை மூசையிலிட்டு அஞ்சனக்கல்லோடு உருக்கினால், பொன்னில் கலந்த செம்பையும் வெள்ளியையும் கந்தகம் பற்றிக்கொண்டு மேலே கசடாக நிற்கும். பொன்னோ ஆன்டிமனியோடு கலந்து அடியில் தங்கும். அதை மீண்டும் உலையேற்றிக் காற்றூதிக் காய்ச்சினால் ஆன்டிமனி புகையாகப் போய்விடும். பத்தரைமாற்றுப் பொன் எஞ்சும். இதை மும்முறை செய்யச் சொல்கிறது அந்நூல். ஆன்மாவைப் புடமிடும் வேதாந்தமல்ல, தோழர்களே, பொன்னைப் புடமிடும் தொழில் நுட்பம்!

அப்படியானால் 'ஆன்மிக உட்பொருள்' எங்கிருந்து வந்தது? 1850இல் இங்கிலாந்தில் மேரி ஆன் சவுத் என்ற பெண்மணி (பின்னாளில் திருமதி அட்வுட்), இரசவாதமென்பது உலோகத்தைப் பற்றியதன்று, மனித ஆன்மாவின் மாற்றத்தைப் பற்றியதே என்று தம் பெயரிடாது ஒரு நூல் வெளியிட்டார். வெளிவந்த சில வாரங்களில், தெய்வ இரகசியத்தை அம்பலப்படுத்திவிட்டோமே என்ற அச்சத்தால், தந்தையும் மகளுமே படிகளைத் திரும்ப வாங்கித் தீயிட்டனர்! சோதிக்க வேண்டிய கருத்தைச் சாம்பலாக்கினால் அதற்குப் புனிதம் கூடுமேயன்றி உண்மை கூடுமா? 1857இல் அமெரிக்கப் படைத்தலைவர் ஹிட்ச்காக், இரசவாதத்தின் பொருள் மனிதனே என்றெழுதினார். 1944இல் உளவியலறிஞர் யுங், பொருளின்மேல் ஏற்றிக் கண்ட உள்ளத்தின் நிழல்களே அவ்வுருவங்கள் என்றார். உலைக்களம் இருந்ததை யுங் மறுக்கவில்லை. ஆனால் உலையில் நடந்ததைவிட உள்ளத்தில் நடந்ததே முக்கியம் என்றாக்கிவிட்டார்.

இவ்விளக்கங்களை எதைக் கொண்டு எடைபோடுவது? செய்து பார்த்துத்தான்! நம் காலத்து வரலாற்றறிஞர் லாரன்ஸ் பிரின்சிப்பி, வாலன்டைன் பெயரிலுள்ள மற்றொரு நூலின் முறைப்படி ஆன்டிமனிக் கண்ணாடி செய்ய முயன்றார். தூய பொருளைக் கொண்டு செய்தபோது பொன்னிறக் கண்ணாடி வரவில்லை. நூல் குறித்தது ஹங்கேரித் தாது. கிழக்கு ஐரோப்பியத் தாதைக் கொண்டு செய்தார், வந்தது! அத்தாதில் கலந்திருந்த சிறிதளவு மணற்சத்தே காரணம். ஆன்ம விளக்கம் மட்டும் போதுமென்றிருந்தால் இவ்வுண்மை கிடைத்திருக்குமா?

இன்னொரு சான்று ஜார்ஜ் ஸ்டார்க்கி. ஹார்வர்டில் பயின்று இலண்டன் சென்று, 1665இல் கொள்ளை நோய்க்கு இரையானவர். ஃபிலலேதஸ் என்ற புனைபெயரில் எழுதும்போது 'டயானாவின் புறாக்கள்' என்று புதிர் போட்டார். 1651இல் ராபர்ட் பாயிலுக்கு எழுதிய கடிதத்திலோ அதே செய்முறையை வெளிப்படையாகச் சொன்னார். புறாக்கள் என்றது வெள்ளியை! அவருடைய குறிப்பேடுகளில் இருப்பவை உலை வேலையும் சோதனைகளும் திருத்தங்களுமே. 2004இல் அவை அச்சில் வந்துவிட்டன.

மறைத்தெழுதியதேன்? தொழில் இரகசியம் ஒன்று. தண்டனை அச்சம் மற்றொன்று. இங்கிலாந்தில் 1404இல் இயற்றிய சட்டம் பொன் பெருக்குவதைக் குற்றமாக்கியது. 1689இல்தான் அது நீக்கப்பட்டது.

அவர்கள் இறைவனை நம்பவில்லையா? நம்பினார்கள். உலை மூட்டுமுன் தொழுதவரும் உண்டு. உழவன் தொழுதுவிட்டு ஏரைப் பூட்டினால், உழவு வழிபாடாகிவிடுமா? நம்பிக்கை அவர்களுடையது, செய்முறை உலகத்துக்குரியது. அவர்கள் தேடிய பொன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் 1669இல் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பொன் தேடியபோதுதான் பாஸ்பரஸ் கிடைத்தது. தவறிய நோக்கத்திலும் தளராத உழைப்பு அறிவை ஈன்றது.

நம் மண்ணிலும் சித்தர் பெயரால் வழங்கும் வாத நூல்கள் உண்டு. 'பரிபாஷை' என்ற மறைமொழியும் உண்டு. புரியாத வரியெல்லாம் ஞானமென்று போற்றுவதும், புரியாததெல்லாம் புரட்டென்று தூற்றுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்களே. சொல்லுக்குரிய சரக்கைத் தேடுக, சோதித்து அறிக, நிற்பதைக் கொள்க, நில்லாததைத் தள்ளுக.

ஊதுலை முன் வெந்து, பாதரசப் புகையை மூச்சில் வாங்கி, கை கருகக் கற்றவனின் உழைப்பை 'ஆன்ம அனுபவம்' என்று பெயர் மாற்றுவது அவனுக்குச் செய்யும் சிறப்பன்று. அவன் கூலியைத் தட்டிப் பறிப்பது. அரசனை விழுங்கிய ஓநாயைத் தீ வென்றது. உழைப்பை விழுங்கும் இந்த ஓநாயை வெல்லப் பகுத்தறிவுத் தீயே வேண்டும்!