முகம் மங்கிய மனைவி

சாம் வின்செஸ்டருக்கு ஒரு மகன் இருக்கிறான். இறந்துபோன அண்ணனின் பெயரையே அவனுக்கு வைத்திருக்கிறான்: டீன். அந்த மகனோடு சாம் இருக்கும் காட்சியில், பின்னால் சற்றுத் தொலைவில் ஒரு பெண் நிற்கிறாள். கேமராவின் ஃபோகஸ் அவள்மீது விழுவதில்லை. கருத்த முடி தெரிகிறது. கண்ணில்லை, வாயில்லை, பெயருமில்லை. சில நொடிகளில் காட்சி நகர்ந்துவிடுகிறது. காலம் ஓடுகிறது, சாம் கிழவனாகிறான், மரணப் படுக்கையில் கிடக்கிறான். அருகில் வளர்ந்த மகன் மட்டும் இருக்கிறான். அந்தப் பெண் அங்கேயும் இல்லை.

'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2020 நவம்பர் 19 அன்று இப்படித்தான் முடிந்தது. 2005 செப்டம்பரில் தொடங்கி 15 பருவங்கள், 327 அத்தியாயங்கள் ஓடிய தொடர் இது. இறுதி அத்தியாயம் முடிந்ததும் ரசிகைகளிடையே எழுந்த முதல் கேள்விகளில் ஒன்று, 'அவள் யார்?' என்பது. விடை கிடைக்காததால் அவளுக்கு 'மங்கல் மனைவி' என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். கேலியாகச் சூட்டிய பெயர்தான். ஆனால் இத்தொடரைப் பற்றிச் செய்யப்பட்ட விமர்சனங்களில் மிகக் கூர்மையானது அந்த இரண்டு சொற்கள் என்று நான் நினைக்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். 1983 நவம்பர் 2, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரம். ஆறு மாதக் குழந்தை சாமின் தொட்டிலுக்கு மேலே, விட்டத்தில் ஒட்டப்பட்டவள்போல், வயிறு கிழிந்து, தாய் மேரி தீப்பற்றி எரிகிறாள். தந்தை ஜான் குழந்தையை நான்கு வயது டீனின் கையில் கொடுத்து வெளியே ஓடச் சொல்கிறான். அதன்பிறகு ஜானின் வாழ்க்கை பேய் வேட்டையாகிறது. பிள்ளைகள் மலிவு விடுதிகளிலும் 1967ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா காரின் பின்னிருக்கையிலும் வளர்கிறார்கள். 22 ஆண்டுகள் கழித்து, சாமின் காதலி ஜெசிகா அதே விதமாக விட்டத்தில் எரிந்து சாகிறாள். அந்த மரணத்தோடு முதல் அத்தியாயம் முடிகிறது. சட்டம் படிக்கப் போகவிருந்த சாம் அண்ணனோடு காரில் ஏறுகிறான். பயணம் தொடங்குகிறது.

ஆக, இந்தக் கதை நகர்வதற்கு ஊற்றிய எரிபொருள் இரண்டு பெண்ணுடல்கள்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே பெண் பாத்திரங்களைக் கொல்லும் காமிக்ஸ் வழக்கத்தை கெயில் சிமோன் 1999இலேயே பட்டியலிட்டுக் காட்டினார். குளிர்சாதனப் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட பெண்கள் என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர். அந்தச் சட்டகத்தை இத்தொடர்மீது பொருத்திவிட்டு, 'ஆணாதிக்கப் பிரதி' என்று முத்திரை குத்திக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் நான் பொய் சொன்னவளாவேன். நான் இத்தொடரை நேசித்தவள். இதைப் பற்றி எழுதியும் வரைந்தும் சண்டையிட்டும் 15 ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தவர்களில் மிகப் பலர் பெண்கள். அவர்கள் என்ன ஏமாளிகளா?

இல்லை. அவர்கள் எதை நேசித்தார்கள் என்பதை ஐந்தாம் பருவத்தின் இறுதி அத்தியாயத்தில் பார்க்கலாம். 2010 மே 13 அன்று ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து பருவங்களுக்கே கதையைத் திட்டமிட்டிருந்தார். ஆகவே முதல் திட்டத்தின்படி இதுவே முடிவு. லூசிஃபர் சாமின் உடலுக்குள் புகுந்து, அவன் கைகளாலேயே அண்ணனை அடித்து நொறுக்குகிறான். டீன் திருப்பி அடிப்பதில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன், உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்கிறான். காரின்மீது வெயில் மின்னுகிறது. சிறுவயதில் சாம் காரின் சாம்பல் கிண்ணத்தில் செருகிவைத்த பொம்மைச் சிப்பாய் கண்ணில் படுகிறது. உலகின் அழிவு அந்தச் சிறிய பிளாஸ்டிக் பொம்மையில் வந்து நிற்கிறது. சாம் தன்னை மீட்டுக்கொண்டு, லூசிஃபரோடு சேர்ந்தே பாதாளச் சிறைக்குள் விழுகிறான்.

இதில் வீரத்தைக் காட்டிலும் பராமரிப்பே பெரிதாகத் தெரிகிறது. டீன் தம்பிக்குச் சோறு போட்டவன், காயத்துக்குத் தையல் போட்டவன், அப்பா வராத இரவுகளில் கதவருகே விழித்திருந்தவன். தாய் செய்யும் வேலை அத்தனையும் செய்தவன். அழும் ஆண்கள், ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் ஆண்கள். நம்மில் பலர் வீட்டில் பார்க்கக் கிடைக்காத ஆண்கள். பெண்கள் இத்தொடரை நேசித்ததில் வியப்பில்லை. ஆனால் ஆணிடம் அந்தப் பரிவு வந்து சேர்வதற்கு இக்கதை வைக்கும் நிபந்தனை என்ன? முதலில் தாய் எரிந்து போக வேண்டும். அவள் உயிரோடிருந்தால் டீன் சோறு போட்டிருக்க மாட்டான். தாய்மை ஓர் ஆணின் மகத்துவமாக மாற வேண்டுமென்றால் அங்கே தாய் இருக்கக் கூடாது. தொடரின் அழகும் அதன் வன்முறையும் ஒரே வேரில் முளைத்தவை என்பதுதான் நமக்குச் சிக்கல்.

அதனால் உள்ளே வந்த பெண்கள் நிலைக்கவில்லை. எலனும் அவள் மகள் ஜோவும் 2009இல் சகோதரர்கள் தப்பிப்பதற்காகப் பின்தங்கி, தாங்களே வெடித்துச் சாகிறார்கள். கணினியில் வல்லவளான சார்லி, தன்பாலீர்ப்பு கொண்டவள், 2015இல் குளியல் தொட்டியில் பிணமாகக் கிடக்கிறாள். டீனோடு ஓராண்டு குடும்பம் நடத்திய லிசாவைக் கொல்லவில்லை. அவளுக்கும் அவள் மகனுக்கும் டீனைப் பற்றிய நினைவு முழுவதையும் காஸ்டியல் என்ற தேவதூதனைக் கொண்டு டீன் அழிக்கிறான். அவள் பாதுகாப்புக்காகத்தான். அவளிடம் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் ஓராண்டு வாழ்க்கையை அவள் அறியாமல் எடுத்துவிடுவதை இத்தொடர் டீனின் தியாகமாகக் காட்டுகிறது. கண்ணீர் அவன் முகத்தில்தான் வழிகிறது.

அந்தக் காட்சியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. லிசா போனால் டீன் மீண்டும் காருக்கு வருவான், தம்பியோடு போவான், 'கதை' திரும்பிவிடும். ஜோ முதலில் வந்தபோது அவள்மீது எரிச்சல் கொண்ட ரசிகைகளில் நானும் ஒருத்தி. 11ஆம் பருவ முடிவில் மேரி உயிர்த்தெழுந்து வந்து, வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாயாக இருக்கத் தெரியாமல் திணறி, தனக்குச் சற்று இடம் வேண்டும் என்று கேட்டு வெளியேறியபோது, 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று கோபப்பட்டவர்களிலும் நான் இருந்தேன். திருமணத்துக்கு முன்பே வேட்டைக்காரியாக இருந்தவள் மேரி. உண்மையில் இக்கதையே அவளுடையது. அவள் அதைத் திரும்பக் கேட்டபோது நான் அவளை நல்ல தாயின் தராசில் நிறுத்தினேன். ஆண்களின் அன்புக்குள் நமக்கு இடமில்லை என்று தெரிந்த பிறகு, இன்னொரு பெண் அங்கே நுழைவதை நாமே காவல் காத்துத் தடுக்கிறோம். எந்தத் தயாரிப்பாளரும் நம்மிடம் கேட்காத வேலை அது. நாமாகவே சம்பளமின்றிச் செய்தோம்.

ரசிகை என்பவளைத் தொடர் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடருக்குள்ளேயே வின்செஸ்டர் சகோதரர்களைப் பற்றிய நாவல்கள் வருகின்றன. அவற்றை எழுதுபவன் சக். பெக்கி அந்த நாவல்களின் ரசிகை. 2009இல் கோமாளியாக அறிமுகமாகிறாள். 2011இல் சாமுக்கு வசிய மருந்து கொடுத்து மணம் முடித்து, கட்டிலில் கட்டிப்போடுகிறாள். ரசிகையின் ஆசையைத் தொடர் நோயாக வரைந்தது. 2014இல், 200ஆவது அத்தியாயத்தில், இச்சகோதரர்களின் கதையைப் பள்ளி மாணவிகள் இசை நாடகமாக மேடையேற்றுவதை மரியாதையோடு காட்டிக் கொஞ்சம் ஈடு செய்தது. சக் கடவுளே என்று பின்னர் தெரியவருகிறது; கடைசிப் பருவத்தில் அவனே வில்லன். தன் முடிவை எழுத அவன் பெக்கியின் வீட்டுக்கு வருகிறான். இப்போது அவள் கணவன், பிள்ளைகள், எழுத்து என்று நிறைவாக வாழ்பவள். அவன் எழுதிய முடிவைப் படித்து, வேண்டாம் என்கிறாள். அவன் ஒரு சொடுக்கில் அவள் குடும்பத்தையும் பின் அவளையும் மறையச் செய்கிறான். முடிவு வேண்டாம் என்று சொன்ன வாசகியை ஆசிரியன் அழித்துவிடுகிறான். தன்னைப் பற்றி இத்தனை உண்மையாகப் பேசத் தெரிந்த தொடர், அடுத்து என்ன செய்தது?

இறுதி அத்தியாயத்தில் பெண்களைத் தேடிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்குள் இரத்தக்காட்டேரிகள் புகுந்து இரண்டு சிறுவர்களைத் தூக்கிச் செல்கின்றன. அவர்களின் தாய் உயிரோடு விடப்படுகிறாள், நாக்கு அறுக்கப்பட்டு. பிறகு ஜென்னி என்றொருத்தி வருகிறாள். முதல் பருவத்தில் மனுஷியாக இருந்து, காட்டேரியாக மாற்றப்பட்டவள். 14 ஆண்டுகளுக்குப் பின் அவளை டீன் அடையாளம் கண்டுகொள்கிறான். அவள் கதை என்னவாயிற்று என்று கேட்பதற்குள் தலை துண்டிக்கப்படுகிறது. மூன்றாமவள் அந்த மனைவி. ஒருத்திக்கு நாக்கில்லை, ஒருத்திக்குத் தலையில்லை, ஒருத்திக்கு முகமில்லை. யாரும் திட்டமிட்டு அடுக்கியிருக்க மாட்டார்கள். யோசிக்காமல் எழுதும்போதுதான் பழக்கம் கைவழியே இறங்குகிறது. அதே அத்தியாயத்தில் சகோதரர்கள் வளர்க்கும் நாய்க்கு மிராக்கிள் என்று பெயர் உண்டு. முகமும் தெளிவாகத் தெரிகிறது.

கொரோனாவைக் காரணம் காட்டுவார்கள். 2020 மார்ச்சில் கடைசி இரண்டு அத்தியாயங்கள் மீதமிருக்கப் படப்பிடிப்பு நின்றது, பிறகு கட்டுப்பாடுகளோடு முடிக்கப்பட்டது என்பது உண்மைதான். பழைய நடிகர்கள் பலரை அழைத்துவர முடியாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு பெயரை உச்சரிக்க நடிகை தேவையில்லை. மகன் 'அம்மா' என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போதும்.

அது ஐலீன்தான் என்று பல ரசிகைகள் வாதிட்டார்கள். ஐலீன் காது கேளாத வேட்டைக்காரி. நடித்த ஷொஷானா ஸ்டெர்னும் காது கேளாதவர். சாமுக்கும் அவளுக்கும் காதல் மலர்ந்த நேரத்தில், முடிவுக்கு இரண்டு அத்தியாயங்கள் முன்பு, அவள் மறைந்துபோகிறாள். பிறகு அவளைப் பற்றிப் பேச்சில்லை. மங்கலாக நிற்பவள் ஐலீனாக இருந்தால் அநியாயம் இன்னும் கூடுகிறது. அவள் மொழி கைகளிலும் முகத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் கேட்க முடியும். சைகை மொழி பேசும் ஒருத்தியை மங்கலாக்குவது அவள் வாயைப் பொத்துவதற்குச் சமம். அவள் மறைந்த அதே அத்தியாயத்தில்தான் காஸ்டியல் டீனிடம் தன் காதலைச் சொல்லிவிட்டு அந்தக் கணமே வெறுமைக்குள் இழுத்துச் செல்லப்படுகிறான். இறுதி அத்தியாயத்தில் அவன் பெயர் வருகிறது, அவன் வருவதில்லை. சகோதரப் பாசம் ஒன்றே எஞ்ச வேண்டும் என்பதற்காக ஓரங்கட்டப்பட்டவர்கள் பெண்கள் மட்டுமல்லர்.

பெயரின்மையில் ஓர் அழகு உண்டு என்று சிலர் சொன்னார்கள்: முகம் தெரியாததால் நீங்கள் விரும்பியவளை அங்கே வைத்துப் பார்க்கலாமே. தமிழ் படித்தவளாக எனக்கு இந்த வாதம் பரிச்சயமானது. அகப்பாடலில் யார் பெயரையும் சுட்டக் கூடாது என்பது மரபு. தலைவிக்குப் பெயரில்லை, தலைவனுக்கும் இல்லை, தோழிக்கும் இல்லை. எல்லாரும் பெயரிழப்பதால் எவரும் உள்ளே நுழையலாம். மேலும், பெயரில்லாத அந்தத் தலைவி அங்கே பேசுகிறாள். இங்கே அப்பனுக்குப் பெயர் உண்டு, அண்ணனின் பெயர் இரண்டு தலைமுறைக்கு நீள்கிறது, நாய்க்கும் உண்டு. ஒருத்திக்கு மட்டும் இல்லையென்றால் அதை மரபு என்று சொல்ல முடியாது.

வேறு முடிவு சாத்தியமாக இருந்தது. ஷெரிப் ஜோடி மில்ஸும் அவள் வீட்டில் வந்து சேர்ந்த பெண்பிள்ளைகளும் தனித் தொடராக வேண்டும் என்று ரசிகைகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். அதன் முன்னோட்டமாக 2018 ஜனவரியில் 'வேவர்டு சிஸ்டர்ஸ்' என்ற அத்தியாயம் வந்தது. அங்கே பரிவு பிறக்க எந்தத் தாயும் விட்டத்தில் எரிய வேண்டியதில்லை. மகனை இழந்த ஒருத்தி, பெற்றோரை இழந்த பெண்களுக்குச் சோறு போடுகிறாள். அவ்வளவுதான். அதே ஆண்டு மே மாதம், சி.டபிள்யூ. தொலைக்காட்சி அதைத் தொடராக்க மறுத்துவிட்டது.

அதனால் ரசிகைகள் தாங்களே எழுதுகிறார்கள். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் புனைவுத் தளத்தில் மிக அதிகமாக எழுதப்பட்ட படைப்புகளில் 'சூப்பர்நேச்சுரல்' ஒன்று. அங்கே ஐலீன் திரும்பி வருகிறாள், சார்லி சாகாமல் இருக்கிறாள், லிசாவுக்கு நினைவு திரும்பி அவள் டீனை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறாள். மங்கல் மனைவிக்குப் பெயரும் தொழிலும் கோபமும் கிடைக்கின்றன. இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் நம் துறைகளிலும் உண்டு. எனக்கு இவை விமர்சனம். பிரதியை நேசித்துக்கொண்டே, அதன் முடிவை ஏற்க மறுப்பவர்களின் விமர்சனம்.

அந்தக் காட்சியை நான் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். சாமையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவளையே பார்த்தேன். ஒருகாலத்தில் அவள் வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தவள் நான். இப்போது அவள் இரண்டடி முன்னால் வர மாட்டாளா என்றிருந்தது.