எடை ஏன் இறங்க மறுக்கிறது? – சுவீடன் ஆய்வு பற்றி ஒரு மதிப்பீடு

அளவு மீறிய உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யப்படும் அறுவை மருத்துவம் இன்று பலரும் கேள்விப்பட்ட ஒன்றாகிவிட்டது. இரைப்பையின் கொள்ளளவைக் குறைப்பது, சிறுகுடலின் ஒரு பகுதியை விலக்கி உணவுக்குக் குறுக்குப் பாதை அமைப்பது என்று இதில் பல முறைகள் உண்டு. அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களில் எடை மளமளவென்று இறங்குகிறது. பிறகு ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. உண்பது அதே சிறிதளவுதான். நடப்பது அதே தூரந்தான். ஆயினும் எடைக் கருவியின் முள் இரண்டு வாரம், மூன்று வாரம் அசைவதில்லை.

"என்ன தவறு செய்தேன்?" என்று நோயாளி கலங்குகிறார். "வாயைக் கட்டவில்லை" என்று வீட்டார் குறை கூறுகின்றனர். சிலர் உணவை மேலும் குறைத்து, போதிய புரதமின்றிச் சோர்ந்து போகின்றனர். வேறு சிலர் அறுவையே தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி, மருத்துவரிடம் செல்வதை நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தீங்கானவை. அறுவை செய்துகொண்டவருக்கு வைட்டமின் பி12, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றின் குறைபாடு எப்போது வேண்டுமானாலும் நேரலாம். ஆகவே கண்காணிப்பு வாழ்நாள் முழுவதும் தேவை.

எடை நின்றுபோவது நோயாளியின் குற்றமா, உடலின் இயல்பா? இக்கேள்விக்கு நம்மிடமுள்ள மிகப் பெரிய சாட்சிகளுள் ஒன்று சுவீடன் நாட்டு உடற்பருமன் ஆய்வு. அதன் புகழ்பெற்ற வரைபடம் மருத்துவ நூல்கள் பலவற்றில் எடுத்தாளப்படுகிறது. அந்த வரைபடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

ஆய்வின் அமைப்பு

கோத்தன்பர்க் நகரின் மருத்துவ அறிஞர் லார்ஸ் ஷூஸ்த்ரோமும் அவருடைய குழுவினரும் 1987-இல் இவ்வாய்வைத் தொடங்கினர். 2001 வரை ஆட்கள் சேர்க்கப்பட்டனர். அறுவை செய்துகொண்டவர்கள் 2010 பேர். வயது, பால், எடை முதலிய 18 கூறுகளில் அவர்களுக்கு ஒத்த, அறுவை செய்யாமல் வழக்கமான மருத்துவம் பெற்றவர்கள் 2037 பேர். இந்த இரண்டாம் குழுவை ஒப்பீட்டுக் குழு என்போம். இரு குழுவினரும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரையில்தான் நாம் பேசும் வரைபடம் உள்ளது.

பொறுமைக்கு எடுத்துக்காட்டு என்று இவ்வாய்வைப் பாராட்டலாம். எடைக் குறைப்பு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. எடை இறங்கும் காலத்தை மட்டும் அளந்துவிட்டு, "வெற்றி" என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. சுவீடன் குழுவினரோ அதற்குப் பின்னும் அளந்துகொண்டேயிருந்தனர். எடை திரும்ப ஏறியதையும் மறைக்காமல் வரைந்து காட்டினர்.

வரைபடம் சொல்வது

கிடைக்கோட்டில் ஆண்டுகள், செங்குத்துக் கோட்டில் தொடக்க எடையிலிருந்து ஏற்பட்ட மாற்றம், விழுக்காட்டில். ஒப்பீட்டுக் குழுவின் கோடு 15 ஆண்டுகளிலும் சுழியை ஒட்டியே செல்கிறது. சராசரி மாற்றம் 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அறுவை செய்துகொண்டவர்களின் கோடுகள் முதலில் செங்குத்தாக இறங்குகின்றன. ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் தாழ்ந்த புள்ளியைத் தொடுகின்றன. குறுக்குப் பாதை அறுவையில் 32, இரைப்பையைச் செங்குத்தாகத் தைத்துப் பட்டையிடும் அறுவையில் 25, பட்டை மட்டும் பொருத்தும் அறுவையில் 20 விழுக்காடு இழப்பு. பிறகு மூன்று கோடுகளுமே மெல்ல மேலேறி, எட்டிலிருந்து பத்தாம் ஆண்டுக்குள் ஓரளவு நிலைபெறுகின்றன. பத்தாம் ஆண்டில் எஞ்சிய இழப்பு முறையே 25, 16, 14 விழுக்காடு.

120 கிலோ எடையுள்ள ஒருவர் குறுக்குப் பாதை அறுவை செய்துகொண்டதாக வைத்துக்கொள்வோம். இச்சராசரிப்படி அவர் சுமார் 82 கிலோ வரை இறங்கி, பத்தாம் ஆண்டில் 90 கிலோவில் இருப்பார். 82-ஐ நினைத்துக்கொண்டு 90-ஐப் பார்த்தால் தோல்வி; 120-ஐ நினைத்துக்கொண்டு பார்த்தால் 30 கிலோ வெற்றி. அறுவை செய்யாதிருந்தால் அவர் ஏறக்குறைய 120-இலேயே இருந்திருப்பார் என்பதைத்தான் ஒப்பீட்டுக் குழுவின் கோடு சொல்கிறது. ஒப்பிட வேண்டியது அந்தக் கோட்டோடுதான். நாம் தொட்ட மிகத் தாழ்ந்த புள்ளியோடு அல்ல. வரைபடத்தின் முதன்மையான பாடம் இது. ஆனால் பார்ப்பவர் கண் தாழ்ந்த புள்ளியிலேயே நிலைத்துவிடுகிறது.

பழைய கணக்கு ஒன்று

கோடு ஏன் இறங்கிக்கொண்டே போகவில்லை? இந்த ஐயத்துக்குக் காரணம் நம் மனத்திலுள்ள ஒரு பழைய கணக்கு. 1958-இல் மாக்ஸ் விஷ்நோஃப்ஸ்கி என்னும் அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு உடல் எடை 3500 கலோரிக்குச் சமம் என்று கணக்கிட்டார். கிலோவுக்குச் சுமார் 7700 கலோரி. நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்டால் ஓராண்டில் ஏறக்குறைய 24 கிலோ குறையும் என்று இதைக் கொண்டு பலரும் சொல்கின்றனர். இதே கணக்கை ஐந்தாண்டுக்கு நீட்டிப் பாருங்கள்: 118 கிலோ குறைய வேண்டும். 100 கிலோ மனிதர் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோவார்! இழக்கும் கொழுப்பின் ஆற்றலைப் பற்றிய மதிப்பீடு ஏறக்குறையச் சரிதான். உடலின் அன்றாடச் செலவு மாறாது என்று கொண்டதே பிழை.

அடியில் சிறு துளையுள்ள தொட்டி ஒன்றை மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மேலே குழாயிலிருந்து நீர் விழுகிறது. கீழே துளைவழியே ஒழுகுகிறது. இரண்டும் சமமாயிருக்கும்போது நீர்மட்டம் நிலையாக நிற்கும். குழாயைப் பாதி மூடினால் மட்டம் முதலில் விரைவாக இறங்கும். மட்டம் இறங்க இறங்கத் துளையின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது; ஒழுக்கும் குறைகிறது. வரவும் செலவும் மீண்டும் சமமாகும் ஓர் உயரத்தில் மட்டம் நின்றுவிடும். குழாயை இதற்குமேல் யாரும் திறந்துவிடவில்லை. ஆனாலும் இறக்கம் நின்றுவிட்டது. உடலும் இவ்வாறே. எடை குறைந்த உடலைச் சுமந்து நடக்கவும், அதன் திசுக்களைப் பேணவும் குறைந்த ஆற்றல் போதும்.

அமெரிக்க அறிஞர் கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011-இல் லான்செட் இதழில் இந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்ட விதி ஒன்றை வெளியிட்டனர். நாள்தோறும் குறைக்கும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் இறுதியில் சுமார் ஒரு கிலோ குறையும். அதில் பாதி குறைய ஏறத்தாழ ஓராண்டும், 95 விழுக்காடு குறைய மூன்றாண்டும் ஆகும். இதன்படி 500 கலோரி குறைப்புக்கு முதலாண்டில் சுமார் 10 கிலோ, மொத்தத்தில் 21 கிலோ. அதோடு நின்றுவிடும். நிற்பது இக்கணக்கின் ஓர் உறுப்பு.

துளையும் சுருங்குகிறது

உடல் வெறும் தொட்டியன்று. மட்டம் குறைவதைக் கண்டு தன் துளையைத் தானே சுருக்கிக்கொள்ளும் தொட்டி அது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் கால்பங்கு குறைந்தது. ஓய்வு நிலையில் உடல் செலவழிக்கும் ஆற்றலோ சுமார் 40 விழுக்காடு குறைந்தது. 1995-இல் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் லைபலும் தோழர்களும், பத்து விழுக்காடு எடை குறைத்தவர்களின் உடல், கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கலோரி வரை குறைவாகச் செலவிடுவதைக் கண்டனர். அத்தகைய எடை 50 கிலோ என்றால், இது 300 முதல் 400 கலோரி. கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைவதால், மூளை இதைப் பஞ்ச காலமாகவே கருதுகிறது. பசியைத் தூண்டி, செலவைச் சுருக்குகிறது.

அறுவையின் சிறப்பு இங்குதான் உள்ளது. குறுக்குப் பாதை அறுவைக்குப் பின், உண்டதும் குடலிலிருந்து வரும் நிறைவு உணர்த்தும் ஹார்மோன்கள் மிகுகின்றன. இரைப்பையின் மேற்பகுதியை வெட்டி நீக்கும் முறையில், பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் முதன்மையான இடமே போய்விடுகிறது. பட்டினியால் இளைத்தவரை மூளை வாட்டுவது போல அறுவை செய்துகொண்டவரை வாட்டுவதில்லை. சுவீடன் வரைபடத்தின் கோடு பழைய இடத்துக்கே திரும்பாமல் இடையில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரைபடம் மறைப்பது

இனி ஆய்வின் குறைகளைப் பார்ப்போம். முதலாவது, அளவு எடுத்த இடைவெளி. ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு என்று தொலைவில் உள்ள புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் நடந்தவை அதில் இல்லை. உண்மையில் எந்த நோயாளியின் எடையும் நேர்கோட்டில் இறங்குவதில்லை, படிப்படியாகவே இறங்குகிறது. கல்லீரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் தன் எடையைப்போல் சுமார் மும்மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் நாட்களில் அது கரையும்போது நீரும் வெளியேறுகிறது. எடை வியக்கத்தக்கவாறு விழுகிறது. பிறகு அந்த வேகம் இருப்பதில்லை. ஒரு வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பு கரைந்து, உப்பு, மாதவிலக்கு, மலச்சிக்கல் முதலிய காரணங்களால் ஒரு கிலோ நீரும் கழிவும் உடலில் தங்கினால் முள் அசையாது. கொழுப்பு குறைந்தது உண்மை. கருவிதான் அதைக் காட்டவில்லை.

இரண்டாவது, சராசரி. ஒருவருக்கு மூன்றாம் வாரத்திலும் மற்றொருவருக்கு ஐந்தாம் மாதத்திலும் எடை நிற்கிறது. எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் படிகள் மறைந்து வழவழப்பான சரிவு தோன்றும். அதைப் பார்த்த நோயாளி தமக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்.

மூன்றாவது, இவர்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. 1980-களில் அறுவைக்குப் பின் இறப்பு மிகுதியாயிருந்ததால் அறநெறிக் குழுக்கள் அதற்கு இசையவில்லை. நான்காவது, அக்கால அறுவை முறைகள். 2010 பேரில் 1369 பேருக்குச் செய்யப்பட்ட செங்குத்துத் தையல் முறை இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது; குறுக்குப் பாதை அறுவை செய்துகொண்டவர்கள் 265 பேர் மட்டுமே. இன்று மிகுதியாகச் செய்யப்படும், இரைப்பையைக் குழல்போல் ஆக்கும் அறுவை இவ்வாய்வில் இல்லவே இல்லை. ஆகவே வரைபடத்தின் வடிவத்தை நம்பலாம். அதன் எண்களை இன்றைய நோயாளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

இக்குறைகள் இருந்தும் ஆய்வின் மதிப்பு குன்றவில்லை. சராசரியாக ஏறத்தாழ 11 ஆண்டுக் கண்காணிப்பில் ஒப்பீட்டுக் குழுவில் 129 பேரும், அறுவைக் குழுவில் 101 பேரும் இறந்தனர். எடை ஓரளவு திரும்பிய பின்னும் உயிர்காப்பு எஞ்சியது என்பதைக் கவனிக்க வேண்டும். இதே குழுவினர் 2012-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை மேலும் சுவையானது. அறுவைக் குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை குறைந்தன. ஆனால் எவ்வளவு கிலோ குறைந்தது என்பதற்கும் அந்த நன்மைக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. அறுவையின் பயனுக்கு எடைக் கருவி ஒன்றையே நீதிபதியாக்குவது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நோயாளி செய்ய வேண்டியது

எடை நின்றது என்றால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் சில வாரம் நிற்பது வழக்கமான படி, காத்திருப்பதே மருந்து. நாள்தோறும் எடை பார்த்து மனம் வெதும்பாமல், வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். இடுப்பின் சுற்றளவையும் அளக்கலாம். ஓராண்டு, இரண்டாண்டுக்குப் பின் நிற்பது, தொட்டி தன் புதிய மட்டத்தை அடைந்ததன் அடையாளம்.

உணவை மேலும் மேலும் குறைப்பது வழியன்று. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அது குறைந்தால் தசை கரையும், தசை கரைந்தால் செலவு இன்னும் சுருங்கும். தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சி நடையோடு சேர வேண்டும். சர்க்கரை கலந்த பானங்கள் சிறுத்த இரைப்பையிலும் தடையின்றி இறங்கிவிடும் என்பதை மறக்கக்கூடாது. எடை தொடர்ந்து ஏறினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநோய் மருந்துகள் ஆகியவை காரணமாயிருக்கலாம். இன்று பசியைக் குறைக்கும் மருந்துகளும் உள்ளன. அவற்றை மருத்துவரே தேர்ந்து தர வேண்டும்.

சுவீடன் ஆய்வாளர்கள் கோடு ஏறியபோதும் அளப்பதை நிறுத்தவில்லை. அதனால்தான் அறுவையின் உண்மையான பயன் வெளிப்பட்டது. நோயாளியும் அவர் வீட்டாரும் கற்க வேண்டியதும் அதுவே: முள் நின்ற நாளில் கண்காணிப்பை நிறுத்திவிடக்கூடாது.