‘கு’ என்னும் பெயர்
தரங்கம்பாடியில் தமிழ் பயின்ற சீகன்பால்கு இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் 1716-இல் செருமனியின் ஆலே நகரில் அச்சாயிற்று. இலத்தீன் வாய்பாட்டைத் தழுவித் தமிழ்ப்பெயர்களுக்கு வேற்றுமை காட்டுவது அந்நூல். அவ்வாய்பாடு தமிழுக்கு ஏற்குமா?

இலத்தீனில் ‘பெண்ணுக்கு’ என்பது புவெல்லே. ‘அடிமைக்கு’ என்பது செர்வோ. ‘அரசனுக்கு’ என்பது ரேகி. வேற்றுமை ஒன்று, ஈறோ மூன்று. ஐவகைத் திரிபையும் நெட்டுருச் செய்தாலன்றி மாணாக்கன் கரையேறான். ‘அடிமைகளுக்கு’ எனின் செர்வீஸ் என ஈறு முழுதும் மாறும். நம் குவ்வுருபு ‘கள்’ளின் பின்னும் அதுவேயாய் நிற்கும். ‘மரத்துக்கு’ என்புழித் திரிந்தது மரமேயன்றிக் குவ்வன்று.

ஆகலின் தொல்காப்பியர் உருபையே வேற்றுமைக்குப் பெயராக்கினார். இலத்தீனார்க்கு அது கைகூடாது, கொடைப்பொருளாற் பெயரிட்டனர். தமிழ் வேற்றுமைப் பாகுபாடு வடமொழிச் சார்பிற்று என்றார் கால்டுவெல். எட்டென்னும் தொகைக்கு அது பொருந்தலாம். வடநூலார் இட்ட பெயர்களோ வரிசையெண்ணே; தொல்காப்பியர் அவ்வெண்ணையும் கொண்டாரேனும், ‘கு’ என்னும் பெயர் அவர்களிடம் பெற்றதன்று.