பாலும் பல்லும் உறக்கமும்: பிள்ளைத்தமிழ்ப் பருவ வைப்பில் தாயர் அறிவு

பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் வரலாறு அறிஞர் பலரால் ஆராயப்பெற்றுள்ளது. தொல்காப்பியப் புறத்திணையியல் குழவிப் பருவத்தைப் பாடுபொருளாக ஏற்றது; பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடினார்; ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் (1133-1150) மீது பாடிய பிள்ளைத்தமிழே இன்று கிடைப்பனவற்றுள் முதல் தனிநூல். இவை பெரும்பாலோர் உடன்பட்ட முடிபுகள். ஆயின், இவ்வகைக்கு அடிப்படையாகிய அறிவு யாருடையது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்பெறவில்லை. குழந்தை எத்திங்களில் தலை நிமிர்க்கும், எப்பொழுது கைகொட்டும், எப்பொழுது அடியெடுத்து வைக்கும் என்பவற்றைப் பாட்டியல் ஆசிரியர் ஏட்டினின்று கற்றிருத்தல் இயலாது. பிள்ளை பெற்ற மகளிர் கொல்லைப்புறத்திலும் ஆற்றுப் படித்துறையிலும் ஒருவரோடொருவர் கூறிக்கொண்ட செய்திகளே அவ்வறிவின் ஊற்று.

அம்மகளிர் பேச்சில் முதலிடம் பெறுவன மூன்று: பால் போதுமா, பல் முளைத்ததா, இரவில் உறங்கிற்றா. இம்மூன்றும் நம் இலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றன, எவ்விடத்து விடுபட்டன என்பதைக் காவிரிப் படுகையோடு தொடர்புடைய நூல்களைச் சிறப்பாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. பால்

சங்க இலக்கியத்தில் பாலூட்டல் வறுமையின் அளவுகோலாக வருகின்றது. புறநானூற்று 160ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியின் நிலையைக் குமணனிடம் உரைக்கின்றார். பாலற்ற மார்பைச் சுவைத்து ஏமாந்த சிறுவன், சோறும் கூழும் தேடி வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகின்றான். தாய் புலி வருகின்றது என அச்சுறுத்துகின்றாள், திங்களைக் காட்டுகின்றாள், ஒன்றும் பயன்படாமல் நோகின்றாள். 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனாரும் அடுதல் மறந்த அடுப்பையும், வறிதே சுவைக்கும் குழவியையும், அதன் முகம் நோக்கிக் கண்கலங்கும் தாயையும் காட்டுகின்றார்.

இவற்றுள் முன்னைய பாட்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. பிற்காலப் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் புலவரின் திறனைக் காட்டும் களம். சாம பேத தான தண்டம் என்னும் நால்வகை உபாயங்களால் திங்களை விளையாட அழைப்பதே அதன் மரபு. அது கற்பனை நயம் செறிந்த பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் திங்களைக் காட்டுதல் தொடக்கத்தில் நயத்துக்காக எழுந்ததன்று. பசித்த பிள்ளையின் அழுகையை மாற்றத் தாய் கையாண்ட இறுதி வழி அது. புறநானூற்றுத் தாய் காட்டிய மதியே பருவமாக வளர்ந்தது எனின், வளர்ச்சியினூடே பசி மறைந்து விளையாட்டு மட்டும் எஞ்சியது என்றும் கூறுதல் வேண்டும்.

பெரியாழ்வார் இதற்கு இடைப்பட்ட நிலையில் நிற்கின்றார். அவர் கண்ணனை முலையுண்ண அழைக்கும் பதிகம் ஒன்றைத் தனியே அமைத்தார். அதன் முதற்பாட்டில் யசோதை சொல்வன எந்நாட்டுத் தாயும் சொல்லத்தக்கவை: இரவு உண்ணாமலே உறங்கிவிட்டாய், இன்று உச்சிப் பொழுதும் ஆயிற்று, உன் வயிறு தளர்ந்தது, என் பாலோ தானே பெருகி வழிகின்றது. பிள்ளை உண்ணாமை பிள்ளைக்கு மட்டும் துன்பமன்று, பால் கட்டிய தாயின் உடலுக்கும் துன்பம் என்பதை இப்பாட்டு அறிந்து பேசுகின்றது. ‘அம்மம்’ என்னும் மழலை வழக்கையும் ஆழ்வார் தயங்காது ஆள்கின்றார்.

குலசேகராழ்வாரின் தேவகி புலம்பல் இதன் மறுதலை. பெற்றும் வளர்க்கப் பெறாத தாய், தாலாட்டும் பேறும் பாலூட்டும் பேறும் இழந்தமையை ஒன்றொன்றாக எண்ணி வருந்துகின்றாள். அன்றாடத் தொல்லை எனப் பிற மகளிர் சலித்துக்கொள்ளும் செயல்களே இவளுக்குக் கிட்டாத செல்வம் ஆகின்றன. அதனை அடுத்த பதிகமே திருக்கண்ணபுரத்துப் பெருமானை இராமனாகக் கண்டு கோசலை பாடும் தாலாட்டாக அமைகின்றது. இழந்தவளின் குரலுக்குப் பின் பெற்றவளின் குரல் வரும் இவ்வைப்பு, காவிரிநாட்டுத் தலம் ஒன்றைத் தொட்டில் கட்டிய இல்லமாக்குகின்றது.

பத்துப் பருவம் கொண்ட பிள்ளைத்தமிழில் பாலூட்டலுக்குத் தனிப் பருவம் இல்லை. சீகாழியில் உமையம்மை பொற்கிண்ணத்தில் அளித்த பாலைச் சேக்கிழார் பாடியபின், பால் என்பது ஞானத்தின் குறியீடாக நிலைபெற்றது. அதன் சமய உயர்வை நாம் மதிக்கின்றோம். எனினும் பால் ஞானமாக உயர்ந்த அளவுக்கு, பால் கட்டிய மார்பின் நோவு பாட்டினின்று விலகியது என்பதையும் காண்டல் வேண்டும்.

2. பல்

பாட்டியல் நூல்கள் செங்கீரைக்கு 5ஆம் திங்களையும், தாலுக்கு 7 அல்லது 8ஆம் திங்களையும், சப்பாணிக்கு 9ஆம் திங்களையும், முத்தத்துக்கு 11ஆம் திங்களையும் வகுக்கும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. பெரும்பாலான குழந்தைகளுக்கு 6ஆம் திங்களை ஒட்டி முதற்பல் தோன்றத் தொடங்கும். சிலர்க்கு அது ஓராண்டு வரையும் தாழ்வதுண்டு. ஆகவே செங்கீரைக்கும் சப்பாணிக்கும் இடைப்பட்ட காலமே பல் முளைக்கும் காலம். தலை நிமிர்த்து ஆடலும், கைகொட்டலும், முத்தம் தரலும் பருவங்களாக, பல் முளைத்தல் மட்டும் பருவம் ஆகாதது ஏன்?

வழக்கில் அதற்குச் சிறப்பு இல்லாமற் போயிற்றோ எனின், இல்லை. யாழ்ப்பாணத்தில் முதற்பல் கண்டவுடன் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலைமேல் சொரியும் சடங்கு இன்றும் உண்டு. கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசை போலப் பதித்தலும் உண்டு. தஞ்சை வட்டாரத்து வீடுகளிலும் குழந்தை குப்புற விழுதல், தவழ்தல், வாயிற்படி தாண்டல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தின்பண்டம் செய்து அண்டை வீட்டார்க்குப் பகிரும் வழக்கம் இருந்துவந்தது. இவை மகளிர் வகுத்த பருவங்கள். ஏட்டில் எழுதாது அடுப்பங்கரையில் போற்றப்பெற்ற பாட்டியல் எனலாம். மேலும் இவ்வடுப்பங்கரைப் பாட்டியல் திங்களை எண்ணுவதில்லை. குழந்தை செய்து காட்டியபின்னரே கொண்டாடுகின்றது. ஆறில் முளைத்தாலும் பத்தில் முளைத்தாலும் கொழுக்கட்டை ஒன்றே. ஏட்டுப் பாட்டியலினும் இது குழந்தையின் இயல்பை நன்கு அறிந்தது.

இலக்கியத்தில் பல் முளைத்தலை நேர்படக் கண்டவர் பெரியாழ்வாரே. தளர்நடைப் பதிகத்தில், செவ்வானத்தின் நடுவே மரக்கொம்பின் நுனியில் தோன்றும் இளம்பிறையின் முளையைச் சிவந்த வாயில் தோன்றும் பல்லின் முளைக்கு உவமையாக்கினார். ‘முளை’ என்னும் சொல் இருபுறமும் பொருந்த நின்று உவமையைத் தாங்குகின்றது. முத்தும் முல்லையும் எனப் பல்லைப் பாடும் பொதுமரபு நிறைந்த பல்வரிசையைக் கருதியது. ஈறைப் பிளந்து வெளிப்படும் ஒற்றை நுனிக்கு அது பொருந்தாது. குழந்தையின் வாயை விரலால் விலக்கிப் பார்த்தவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

3. உறக்கம்

தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுதலின் தாலாட்டு எனப்பெயர் பெற்றது என்பர். பிறந்த நாள்தொட்டுத் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு 7 அல்லது 8ஆம் திங்களில் தாலாட்டை வைத்தது வியப்பிற்குரியது. பெரியாழ்வார் இம்முறையைப் பின்பற்றவில்லை. பிறப்பையும் திருமேனியழகையும் பாடியவுடன், செங்கீரைக்கும் அம்புலிக்கும் முன்னரே தாலாட்டை அமைத்தார். அதுவே இயற்கைக்கு இயைந்த வைப்பு.

அங்ஙனமாயின் பாட்டியல் ஆசிரியர் தாலை ஏன் பின்னே தள்ளினர்? ஒற்றைப்படைத் திங்களாகப் பருவங்களை ஒழுங்குபடுத்தும் விருப்பம் ஒரு காரணம் ஆகலாம். யாம் வேறொரு கருத்தை ஆய்வாளர் முன் வைக்கின்றோம். ஆறாம் திங்களை அடுத்துப் பல் முளைக்கும். அதுகாறும் ஓரளவு சீராக உறங்கிய பிள்ளையும் இரவில் விழித்து அழும் என்பது மகளிர் வழிவழியாகக் கூறிவருவது. பல் முளைத்தலே விழிப்பின் முழுக்காரணம் என இக்கால மருத்துவர் கொள்ளார். தாயைப் பிரிந்தறியும் உணர்வு வளர்தல் முதலிய பிறவற்றையும் சுட்டுவர். காரணம் எதுவாயினும், தாலாட்டின் தேவை மிகும் காலம் அது என்னும் தாயர் பட்டறிவு, தால் பருவத்தின் திங்களில் தடம் பதித்திருக்கலாம். இது துணிபன்று, பருவப்பெயர் உரைக்காத செய்தியைப் பருவ எண் உரைக்கின்றதோ என்னும் ஐயமே.

பெரியாழ்வாரின் முதற்பதிகத்தில் இறுதிக்கு முன்னைய பாட்டு இவ்விடத்து நோக்கத்தக்கது. தொட்டிலில் இட்டால் அது கிழிய உதைக்கின்றான். எடுத்தால் இடுப்பை ஒடிக்கின்றான். இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கின்றான். வலியின்றி மெலிந்தேன் என்று யசோதை மற்றொரு நங்கையை விளித்துக் கூறுகின்றாள். கேட்போள் ஒருத்தி இருத்தலே இப்பாட்டின் உயிர். தெய்வத்திடம் முறையிடலும் இல்லை. குழந்தையைப் புகழ்தலும் இல்லை. பிள்ளை பெற்றவள் பிள்ளை பெற்றவளிடம் தன் தளர்ச்சியைச் சொல்லி ஆறுதல் தேடுகின்றாள். தமிழில் இத்தகைய கூற்று எழுத்தேறிய இடங்கள் மிகச்சில.

17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் புள்ளிருக்குவேளூர் முருகன்மீது முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடினார். 19ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலியன இயற்றினார். சொல்வளத்தாலும் சந்த நயத்தாலும் இந்நூல்கள் ஒப்புயர்வற்றவை. ஆயின் இவ்வகை நூல்களின் தாலப் பருவத்தில் பெரிதும் விரிவன நீர்வளமும் வயல்வளமும் தலப்பெருமையுமே. குழந்தை ஏன் உறங்கவில்லை என்னும் வினா எழுவதில்லை.

அவ்வினாவை விடாது எழுப்புவது வாய்மொழித் தாலாட்டு. அழும் பிள்ளையை நோக்கி, அடித்தவர் யார் என்று தாய் வினவுகின்றாள்; மாமன், அத்தை, பாட்டி என உறவினரை வரிசையாக அழைத்து, அடித்த கருவியும் பூவாகவே இருக்கும் என்று பாடுகின்றாள். இது உறவுப் பெருமை பேசும் உத்தி என்பர். அஃதோடு, விடை தெரியாத அழுகையின் முன் நிற்கும் தாயின் திகைப்பும் அதனுள் உண்டு. நடவு வயலில், வரப்போரத்து மரக்கிளையில் சேலைத்தூளி கட்டிப் பிள்ளையை இட்டுச் செல்லும் உழைக்கும் மகளிர்க்கு அத்திகைப்பைப் பாடி முடிக்கவும் பொழுது இருந்ததில்லை.

4. தடையும் விடையும்

பிள்ளைத்தமிழ் தெய்வத்தையும் அரசனையும் பாடுவது. பல்நோவும் பால்கட்டும் அதன் பெருமைக்குப் பொருந்தா என ஒரு தடை எழலாம். பெரியாழ்வார் பாடியதும் பரம்பொருளையே என்பது அதற்கு விடை. எனவே தடை பாடுபொருளில் இல்லை. கேட்போர் மாறியதில் உள்ளது. யசோதை நங்கையரை விளித்தாள். பிற்காலப் புலவர் அவையை விளித்தார். அவைக்கு அறிந்த செய்தி வேண்டுவதில்லை. அரிய சொல் வேண்டும். அதனால் பருவம் எஞ்சிற்று. அனுபவம் வாய்மொழிக்குப் போயிற்று.

5. செய்யத்தக்கது

வாய்மொழிப் பாடல்களைத் தொகுக்கும் முயற்சிக்குத் தஞ்சையில் நல்ல முன்மாதிரி உண்டு. பெர்சி மக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. சகந்நாதன் பதிப்பிக்க, சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’ என வெளியிட்டது. 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இந்நகரில் தோன்றியது. ஆயினும் தாலாட்டுத் தொகுப்புகள் பலவும் பாட்டைத் தந்து, பாடப்பெற்ற குழந்தையின் திங்களைக் குறியாது விடுகின்றன. பால் மறக்கச் செய்யும் காலத்தில் பாடியதா, பல் முளைக்கும் இரவில் பாடியதா என்பது தெரியாதவழிப் பாட்டின் பாதிப் பொருள் இழக்கப்படும்.

இனித் தொகுப்போர் மூன்றைக் குறித்தல் நன்று: குழந்தையின் திங்கள், பாடிய பொழுது, பாட்டுக்கு முன்னும் பின்னும் மகளிர் பேசிய பேச்சு. மகப்பேறு மருத்துவமனையிலும் வளர்ப்பு தனிக்குடும்பத்திலும் நிகழும் இந்நாளில் அப்பேச்சின் களங்கள் மாறிவருகின்றன. முதிய மகளிரின் நினைவிலுள்ள பாட்டு அவரோடே மறைகின்றது. மேற்கூறிய தால் பருவக் கருத்து மெய்யா பொய்யா என்பதை ஏட்டைக்கொண்டு முடிவு செய்தல் அரிது. திங்கள் குறித்த நூறு தாலாட்டுகள் கிடைப்பின், அவையே அதற்குச் சான்று பகரும்.