தச்சரின் தோள்

ரக்பி பார்ப்பவர்களின் கண் பந்தோடு ஓடிவிடும். இரு அணிகளும் பந்துக்காக முட்டித் தள்ளும் ‘ஸ்க்ரம்’மில் தலை கவிழ்ந்து நிற்கும் முன்வரிசைக்காரரை யார் கவனிக்கிறார்கள்? பக்கத்துக்கு எட்டுப் பேர். நடுவர் குரல் கொடுத்ததும் தோளோடு தோள் மோத, ‘தொம்’மென்று ஒரு சத்தம், பிறகு கனத்த மூச்சு, ஈரப் புல்லில் பூட்ஸ் ஆணிகள் பிடிமானம் தேடும் சரசரப்பு. ஆண்டுக்கணக்கில் உரசி உரசியே பலருக்குக் காதுமடல் காலிஃபிளவர்போல் தடித்துப்போகும்.

இங்கிலாந்தின் ஜேசன் லெனார்ட் 1990 முதல் 2004 வரை, 114 சர்வதேச ஆட்டங்களில் அந்த நெரிசலுக்குள் இருந்தார். தச்சு வேலை பார்த்தவர். தோளைப் பொருத்துவதிலும் அந்த நிதானம்தான். முன்வரிசையின் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் ஆடினார். இது லேசல்ல: இடப்பக்கத்தவருக்கு எதிராளியின் பாரம் ஒரு தோளில், வலப்பக்கத்தவருக்கு இரண்டிலும். 1992இல் கழுத்தில் அறுவை சிகிச்சை. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டுப்போட்டார்கள். திரும்பி வந்து அதே கழுத்தைத்தான் கொடுத்தார்! எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றும் ‘ட்ரை’, இங்கிலாந்துக்காக அவர் போட்டது மொத்தம் ஒன்றே ஒன்று.

2003, சிட்னி, உலகக் கோப்பை இறுதியாட்டம். ஸ்க்ரம்மில் இங்கிலாந்துக்கு எதிராகப் பெனால்டிகள் குவிந்துகொண்டிருந்தன. கூடுதல் நேரத்தில் 35 வயது லெனார்டை இறக்கினார்கள். அவர் வீரம் காட்டவில்லை. ஸ்க்ரம் சரியாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். வெற்றியைத் தந்த ஜானி வில்கின்சனின் உதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்தக் காணொளியை மறுபடி பார்க்க நேர்ந்தால், கொஞ்சம் பின்னால் ஓட்டி அந்த ஸ்க்ரம்களையும் பாருங்கள்.