அடுப்படிக்குக் கேட்கிற பாட்டு

ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே மலையேறிய ஜீப்புகள் பொழுது சாயும்போது உத்தமபாளையத்துக்குத் திரும்பும். தூக்குவாளியும் கையுமாகத் தெருமுனையில் இறங்குகிற பெண்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது அடுப்பைத்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் சுடுசோறு என்பது ராத்திரிக்குத்தான். 2000-ஐ ஒட்டிய அந்த வருஷங்களில் என் பெரியம்மா உலை வைத்து, மிளகு சீரகம் தட்டி, புளி கரைத்துக்கொண்டிருப்பாள். டி.வி. முன்வாசல் அறையில் இருக்கும். அடுப்படி வீட்டின் கடைசியில். நடுவில் இரண்டு கட்டு. 'சித்தி' தொடரின் பாட்டு அந்த இரண்டு கட்டையும் தாண்டி அவளிடம் வந்துவிடும். "பாட்டு முடிஞ்சு வெளம்பரம் போடுறதுக்குள்ள ரசத்த எறக்கிருவேன்" என்பாள். இறக்கியும் விடுவாள்.

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களின் முகப்புப் பாடல்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரசம்தான். முகப்புக் காட்சிகளை அவள் ஒரு நாளும் முழுதாகப் பார்த்ததில்லை. யார் யார் நடிக்கிறார்கள் என்று பெயர் ஓடுவதையும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கதை எந்த மாதிரிக் கதை, தன்னிடம் என்ன பேச வருகிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பாட்டே சொல்லிவிட்டது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ணைவிட, திரையைப் பார்க்க நேரமில்லாமல் வேலையாக இருக்கும் காதுதான் இந்தப் பாடல்களுக்கு இலக்கு என்று நான் நம்புகிறேன். அவற்றின் மெட்டு, குரல், சொல் எல்லாம் அதற்கேற்பவே அமைந்தன.

உத்தமபாளையம் இருக்கிற கம்பம் பள்ளத்தாக்குக்குப் படத்துக்கு முன்பே சத்தம் வந்து சேர்ந்தது. மேற்கே மலை, கிழக்கே மேகமலை என்று சுற்றி அடைத்துக்கொண்ட ஊர் இது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. கொடைக்கானலில் கோபுரம் எழும்பிய பிறகுதான் எங்கள் ஓட்டு வீடுகளின் மேல் அலுமினியக் குச்சிகள் முளைத்து, எல்லாம் வடக்குப் பார்த்து நின்றன. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, "வருதா?" "இல்ல, புள்ளியா இருக்கு" என்று கேள்வியும் பதிலும் கூரைக்கும் தரைக்குமாய் நடக்கும். புள்ளிகளுக்கு நடுவே முதலில் தெளிவாவது சத்தம்தான். ஷெனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் பண்டிட் ரவிசங்கரும் சேர்ந்து ஆக்கிய தூர்தர்ஷன் முத்திரை இசை அப்படித்தான் எங்களுக்கு அறிமுகமானது. கண் வடிவச் சின்னம் சுழன்று வந்து நிலைகொள்வதைப் பார்ப்பதற்கு முன்பே அதன் இழுவையைக் கேட்டு மனசு கொஞ்சம் கனத்துப் போகும். விடியல், துக்கம், காத்திருப்பு எல்லாம் கலந்த அந்த ஓசைதான் எங்களுக்குக் கிடைத்த முதல் முகப்பிசை என்று சொல்ல வேண்டும்.

1988 அக்டோபர் 2-இல் தொடங்கி 94 பகுதிகள் ஓடிய பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' அடுத்த பாடம். இந்தி ஒரு சொல்லும் தெரியாத தெருவில், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கு முழங்கி மகேந்திர கபூரின் குரல் எழுந்ததும் கடைவாசலில் நின்றவர்கூட உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கோயிலில் மணியடித்ததும் பேச்சு அடங்குமே, அதே அடக்கம். அந்த இசை ஊரைக் கூட்டி உட்காரவைத்தது. ஆர்.கே. நாராயணின் கதைகளை சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' இதற்கு நேர் எதிரான வழியில் போனது. எல். வைத்தியநாதன் அதற்குச் சொல்லே இல்லாத ஒரு முணுமுணுப்பைத் தந்தார். வேலையில்லாத மத்தியானத்தில் திண்ணையில் சாய்ந்திருக்கும் ஆள் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்களோடு அதைக் கேட்டால், இங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது, நடப்பது எல்லாம் நம் ஊரில் நடப்பதுதான் என்று தெரிந்துவிடும். இந்தியத் தொலைக்காட்சியில் இதைவிடப் பொருத்தமான முகப்பிசை இன்றுவரை வரவில்லை என்பது என் தீர்மானம்.

தமிழில் கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' வந்தபோது சொல்லும் மெட்டும் தொடருக்கென்றே நெய்யப்பட்டன. வீணையைப் பற்றிச் சித்ரா பாடிய அந்தப் பாட்டுக்கு இசை வி.எஸ். நரசிம்மன், வரிகள் வைரமுத்து. இரண்டு பேருமே எங்கள் மண்ணோடு தொடர்புள்ளவர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வைரமுத்து பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்காரர். நரசிம்மன், உத்தமபாளையம் தாலுகா பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜாவின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். பல்லவி தொடங்கும் முன்னால் வருகிற அரை நிமிட வாத்திய இசையிலேயே பாட்டின் மனநிலையை நாட்டிவிடுகிற வித்தையை இளையராஜா 1976-லிருந்து தமிழ்க் காதுகளுக்குப் பழக்கியிருந்தார். பின்னால் வந்த முகப்புப் பாடல்கள் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கட்டப்பட்டன.

ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்து, சி.ஜே. பாஸ்கர் இயக்கிய 'சித்தி' 1999 டிசம்பரில் சன் டி.வி.யில் தொடங்கியது. வைரமுத்துவின் வரிகளுக்கு இசை தினா; பாடியவர் நித்யஸ்ரீ மகாதேவன். டி.கே. பட்டம்மாளின் பேத்தியான அவரது குரலில் கச்சேரிக் கனம் இருக்கும். அந்தக் குரலைத் தொடருக்குக் கொண்டுவந்ததுதான் பெரிய முடிவு என்று நினைக்கிறேன். அதுவரை கதாநாயகிக்குப் பாடிய குரல்கள் கொஞ்சும், குழையும். இது பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, உலகம் இன்னதென்று அடித்துச் சொல்கிற குரல். தாளம் வேகமானது, அழுகைக்கு இடமே தராது. சித்தி என்ற சொல்லுக்கே எங்கள் பக்கத்தில் இரண்டு நிறம் உண்டு. அம்மாவின் தங்கை என்ற பாசம் ஒன்று; மாற்றாந்தாய் என்ற பயம் இன்னொன்று. தொடர் எந்தச் சித்தியைப் பற்றியது என்ற சந்தேகம் பாட்டின் முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடும். அடுப்படியில் இருந்த பெரியம்மாவுக்குக் கேட்டது தன்னைவிட மூத்த ஒருத்தியின் குரல்.

இரண்டு வருஷம் கழித்து, 2002-இல், அதே தினா, அதே நித்யஸ்ரீ, திருமுருகனின் 'மெட்டி ஒலி'. இப்போது வாத்தியம் தணிந்து நடை மெதுவானது. கல்யாணத்தில் மணமகளின் காலைப் பிடித்து அம்மிமேல் வைத்து மாப்பிள்ளை மெட்டி போடுவாரே, அந்தச் சடங்கிலிருந்து பாட்டு புறப்படுகிறது. நலங்குப் பாட்டின் சாயல் அதில் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பாட்டு 800-க்கும் மேற்பட்ட நாட்கள் மாறாமல் ஒலித்தது. கேட்டவர்களுக்கு அது மாறிக்கொண்டே போனது. தொடக்கத்தில், ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரத்தின் வீட்டுக் கல்யாணக் களையாகக் கேட்டது. மாமியார் வீட்டில் அவர் மகள் சரோ படும் பாட்டை நாள்தோறும் பார்த்த பிறகு, அதே அம்மியும் அதே மெட்டியும் ஒப்பாரியின் ஓரத்துக்கு வந்து நின்றன. ஒரு சுரம்கூட இடம் மாறவில்லை. நேற்றிரவு பார்த்த காட்சி இன்றைய பாட்டுக்குள் இறங்கிவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு இந்த வசதி கிடையாது. இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிற கதைக்குள் ஒரு பாட்டு அத்தனை முறை திரும்பி வர முடியாது.

'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரை ஓடியது. அதன் பாட்டு டி. இமானுடையது. இமானும் தினாவும் சின்னத்திரையில் பேர் வாங்கிச் சினிமாவுக்குப் போனவர்கள். 'திருடா திருடி'யில் தெருவையே ஆடவைத்த கைதான் 'மெட்டி ஒலி'யின் கையும். நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விடாது கருப்பு' வேறு ரகம். கருப்பசாமிக்கு ஊர் எல்லையில் குதிரை செய்து வைத்திருக்கும் எங்களுக்கு, அந்தத் தொடரின் ஓசைகள் டி.வி.யோடு நிற்கவில்லை, ராத்திரி வெளியே போகப் பயந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

பிறகு பாட்டு சுருங்கியது. பழைய சினிமாப் பாட்டின் முதல் வரியையே தொடருக்குப் பெயராக வைப்பதும், இருக்கிற மெட்டையே எடுத்துக்கொள்வதும் வந்தன. தொடர் தொடங்கியதும் நேராக நேற்றைய சண்டை. நடுவில் எங்கோ பெயர்ப்பலகை சில நொடிகள் மின்னி மறைகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் முகப்பைத் தாண்டிப் போக ஒரு பொத்தானே வைத்துவிட்டது. தொடர்ந்து ஐந்து பகுதி பார்க்கிறவருக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வேலையிலிருந்து கதைக்குள் வருவதற்கு மனசுக்கு ஒரு நடை தேவைப்படுகிறது. பாட்டு ஓடிய அந்த ஒன்றரை நிமிடம் அதற்கான வாசல்படி. அதை எடுத்துவிட்டு உள்ளே வா என்றால் கதைக்குள் தடுக்கி விழுகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

2020 ஊரடங்கில் கேரள எல்லை அடைக்கப்பட்டது. மலைமேல் எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டுக்கு ஜீப்பு கிடையாது. ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பட்டப்பகலில் வீட்டில் இருந்தார்கள். புதுத் தொடர்களின் படப்பிடிப்பு நின்றுபோக, சன் டி.வி. 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டது. முதல் நாள் அந்தப் பாட்டு எழுந்தபோது எங்கள் தெருவில் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. நாலைந்து வீடுகளிலிருந்து ஒரே குரல் முன்னும் பின்னுமாய்க் கேட்டது. பெரியம்மாவுக்கு அடுப்பில் வேலை இல்லை. மருமகள் சமைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா முதன்முறையாக டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து, அந்த முகப்பை முதலிலிருந்து கடைசி வரை கண்ணால் பார்த்தாள். பெயர்கள் ஓடி முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "இத்தன பேரா இதுக்குள்ள இருந்தாக?" என்று கேட்டாள்.